கேமிங் லேப்டாப் சூடு: கூலிங் பேட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேம் ஓடும்போது 85 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம். இன்டெல்லின் லேப்டாப் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சவரம்பே 100 டிகிரிதான். என்விடியா லேப்டாப் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 87 டிகிரியை ஒட்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சீராக ஓடிவிட்டு, 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்கள்) திடீரென 40க்கு விழுந்து, சில நொடியில் ஏறி, மறுபடி விழுகிறதா? அதுதான் த்ராட்டிலிங், அதாவது சிப் தன் வேகத்தைத் தானே குறைப்பது. அதைத்தான் தீர்க்க வேண்டும்.

சூடு, வேகம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து வைத்து அரை மணி நேரம் விளையாடுங்கள். பிறகு 'மேக்ஸிமம்' பத்தியைப் பாருங்கள். தெர்மல் த்ராட்டிலிங் வரிசையில் 'யெஸ்' வந்திருந்தால் சூடுதான் காரணம். பவர் லிமிட் வரிசையில் 'யெஸ்' வந்தால் பதற வேண்டாம். அது தயாரிப்பாளர் வைத்த வாட் வரம்பைத் தொட்டதன் அடையாளம், நல்ல மெஷினிலும் வரும். சிபியு 55 டிகிரியில் இருந்துகொண்டே 800 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். வாட் குறைந்த சார்ஜரோ, பழுதான சார்ஜர் பின்னோ இருந்தாலும் போர்டு சிபியுவை இப்படிக் கட்டிப்போடும். அதற்குப் பேஸ்ட் (சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் இடையே பூசும் பசை) மாற்றிப் பயனில்லை.

சூடு உறுதியானால் முதல் வேலை, சூட்டை உண்டாக்காமல் இருப்பது. பலரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60 அல்லது 90 என்று வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். வரம்பு இல்லாவிட்டால் சில கேம்கள் வெறும் மெனு திரையிலேயே 300 எஃப்பிஎஸ் ஓடி ஃபேனை அலறவிடும்.

அடுத்தது டர்போ, அதாவது சிப் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுவது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் சிபியுவின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ அணைந்துவிடும். சிப்பின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜ் ஏற வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் வாட் அதன் வர்க்க விகிதத்தில் ஏறும். அந்தக் கடைசி நுனியை வெட்டியதும் சூடு இறங்குவது அதனால்தான். சிபியுவும் ஜிபியுவும் ஒரே ஹீட் பைப்பை (சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய்) பகிரும் மாடல்களில் ஜிபியுவும் சேர்ந்து குளிரும். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. பேஸ் கிளாக் (டர்போ இல்லாத அடிப்படை வேகம்) 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும் புதிய சிப்களில் டர்போவை அணைத்தால் ஸ்ட்ராட்டஜி கேம்களும் போட்டி ஷூட்டர்களும் தடுமாறும். அப்படிப்பட்ட மெஷினில் தயாரிப்பாளரின் சாஃப்ட்வேரிலேயே 'பேலன்ஸ்டு' மோடு வைப்பது மேல்.

அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது, இன்னும் நல்லது, செய்ய முடிந்தால். இன்டெல்லில் 2019இல் வெளியான பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு பல லேப்டாப்களின் பயாஸில் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அதைப் பூட்டிவிட்டார்கள். ஜிபியுவில் பெரும்பாலும் தடை இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைவு திறக்கும். கேமில் வழக்கமாக ஓடும் கிளாக் 1700 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 0.85 வோல்ட் புள்ளியை 1700க்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் உள்ளதையெல்லாம் அதே மட்டத்தில் தட்டையாக்குங்கள். கேம் க்ராஷ் ஆனால் ஒரு படி வோல்டேஜ் கூட்டுங்கள். சில நாள் நிலையாக ஓடும்வரை 'ஸ்டார்ட்அப்பில் அப்ளை செய்' என்பதைத் தொடாதீர்கள். அவசரப்பட்டால் விண்டோஸ் திறந்தவுடனே திரை இருண்டு நின்றுவிடும்.

பின்பக்கத்தை 2, 3 செ.மீ. தூக்கி வைப்பது காசில்லா வைத்தியம். அடிப்பக்க வழியாகக் காற்று இழுக்கும் லேப்டாப்பில் இது நிச்சயம் பலன் தரும். மெத்தை மேல் வைத்து விளையாடினால் மற்ற எதுவும் உதவாது. கூலிங் பேட் விஷயத்தில், மெல்லிய ஃபேன் நான்கைந்து சுழலும் சாதாரண ரகம் கிட்டத்தட்ட அந்த உயரத்தால்தான் வேலை செய்கிறது. விளிம்பில் ஸ்பாஞ்ச் வைத்துக் காற்றை அடைத்துத் தள்ளும் ரகம் உண்மையிலேயே குளிர்விக்கும். சத்தம் அதிகம், தூசியையும் உள்ளே சேர்த்துத் தள்ளும்.

ஒரு வருடம் கடந்த மெஷினில் பழைய செட்டிங்கிலேயே சூடு ஏறியிருந்தால், கேம் ஓடும்போது வெளிக்காற்று துவாரத்தில் கை வையுங்கள். ஃபேன் கத்துகிறது, காற்று மட்டும் பலவீனமாக வருகிறது என்றால் தூசி அடைப்பு. காற்று வலுவாக, ஆனால் வெதுவெதுப்பாக வர, சிப் 95 காட்டுகிறது என்றால் சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை, பேஸ்ட் போய்விட்டது. கோர்களுக்கிடையே 15 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

தூசி ஃபேன் இறக்கைகளில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே நகருமே தவிர வெளியேறாது. அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரித்து, ஃபேனைக் கழற்றியே எடுக்க வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டற்றுச் சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் விஷயத்தில் லேப்டாப்புக்கென்று ஒரு தொல்லை உண்டு. சிப் திரும்பத் திரும்ப சூடாகிக் குளிரும்போது விரிந்து சுருங்கி, பேஸ்டை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இளகலான பேஸ்ட் போட்டால் முதல் வாரம் அருமையாக இருந்து, சில மாதத்தில் பழைய கதையாகிவிடும். அதனால் கெட்டியான பேஸ்ட், அல்லது ஹனிவெல்லின் பிடிஎம் 7950 போன்ற ஃபேஸ் சேஞ்ச் ஷீட் நல்லது. என் ஓட்டு ஷீட்டுக்கே. அது 45 டிகிரி அளவில் இளகி இடைவெளியை நிரப்பும், பக்கவாட்டில் எளிதில் வழியாது. சிப் அளவுக்கு வெட்டி, சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேல்படலம் கிழியாமல் உரியும். சில முறை சூடாகிக் குளிர்ந்த பிறகுதான் முழுப் பலன் தெரியும், முதல் அரைமணியிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஹீட்சிங்க் திருகுகளின் அருகில் 1, 2, 3 என்று எண் அச்சிட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெமரி சிப் மேலிருக்கும் தெர்மல் பேடை (சூடு கடத்தும் மெத்தென்ற துண்டு) கிழிக்காமல் விட்டுவிடுவது நல்லது. கிழிந்தால் அதே தடிமன்தான் வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 போட்டால் ஹீட்சிங்க் மேலே நின்று ஜிபியுவைத் தொடாது, வேலை முடித்த பிறகு சூடு முன்பைவிடக் கூடும். தடிமன் தெரியாவிட்டால் தெர்மல் புட்டி வைக்கலாம், அழுத்தத்துக்கு ஏற்ப அதுவே படியும். லிக்விட் மெட்டலைத் தொடாமல் இருப்பது நலம். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும்.

மூடியைத் திறந்த கையோடு பேட்டரியையும் பாருங்கள். எப்போதும் சார்ஜரில் மாட்டி விளையாடுபவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைக்க வேண்டும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்துதான் லித்தியம் செல்லைச் சீக்கிரம் கெடுக்கிறது. பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் இருந்தாலோ, குத்தவோ அழுத்தவோ கூடாது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜ் போடாமல், சர்வீஸில் கொடுத்துப் பேட்டரியை மாற்றிய பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.