வியாபாரக் கணக்கு திறந்து தருகிறேன் என்று 1,850 வெள்ளியைச் சுருட்டிய ஏஜெண்ட்

இன்று காலை பேங்க் கவுண்டரில்தான் உறுதியானது, என் 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. ஆறு வாரமாக எனக்கே உள்ளுக்குள் தெரிந்ததை அந்த அதிகாரி வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் முறுக்கு, ஓமப்பொடி சுட்டு விற்கிறவள். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து டவுன். நாலு வருஷமாக எல்லாக் காசும் என் சொந்த சேமிப்புக் கணக்கில்தான் வந்தது. முறுக்கு காசு, வீட்டுக்காரர் போடும் மாதச் செலவு, பிள்ளையின் ஸ்கூல் பஸ் காசு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எது லாபம், எது மளிகை என்று கேட்டால் எனக்கே தெரியாது. சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். தீபாவளிக்குத் தோட்டத்து ஆபீஸில் 140 பாக்கெட் ஆர்டர் கொடுத்தார்கள். அங்கே கணக்கு எழுதும் கிராணி என் பில்லைப் பார்த்துவிட்டு, "வியாபாரப் பேர் போட்டிருக்கீங்க, செக்கும் அந்தப் பேர்லதான் வரும், அக்கவுண்ட் இருக்குல்லக்கா?" என்றார். வியாபாரப் பெயரில் எழுதிய செக்கைச் சொந்தக் கணக்கில் போட முடியாது. அங்கேதான் பிடித்தது சனி.

பஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஏஜெண்ட் கடை. ரோட் டேக்ஸ், கார் இன்சூரன்ஸ், போட்டோஸ்டேட் எல்லாம் செய்கிற மாதிரிக் கடை, பெயர் வேண்டாம். முப்பது வயசுத் தம்பி. உட்கார வைத்து ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தான். "உங்கம்மா எந்த டிவிஷன்க்கா? என் பாட்டியும் அங்கதான் ரப்பர் மரம் சீவினாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பாட்டி பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் பயம் காட்டினான். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (வியாபாரங்களைப் பதியும் அரசாங்க ஆணையம்) பதிய வேண்டும், நீங்கள் நாலு வருஷம் பதியவில்லை, ஜெயில்கூட உண்டு. சொந்தக் கணக்கில் காசு வாங்கினால் வருமான வரிக்காரர்கள் முடக்கிவிடுவார்கள் என்று. 30 நாள் கெடு உண்மைதான், அதனால் மற்றதையும் நம்பினேன். பதிவுக்கு 350, பேங்கில் முதலில் போட 500, கணக்கும் க்யூஆரும் எடுத்துத் தர 1,000. மொத்தம் 1,850 வெள்ளி. "வியாபாரத்தையும் வீட்டையும் கலக்கவே கூடாதுக்கா" என்று பாடம் நடத்திவிட்டு, காசை அனுப்பச் சொன்ன கணக்கு எது தெரியுமா? ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கு! போன் திரையில் பெயரைப் பார்த்துவிட்டு "இது யாரு தம்பி?" என்றேன். "எங்க அக்கவுண்டண்ட்க்கா, ஆடிட்டுக்கு." சரி என்று அழுத்திவிட்டேன். என் கையால்.

முதல் வாரம் "பேங்க்ல சிஸ்டம் டவுன்". இரண்டாவது வாரம் "மேனேஜர் சூத்தி", லீவாம். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்எஸ்எம் பதிவுச் சான்றிதழ் அனுப்பினான், நான் அதைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன், வெட்கக்கேடு. அதற்கப்புறம் நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போனால் மேசையில் வேறு பையன், "அண்ணன் கேஎல் போயிட்டார்க்கா". மூன்று தடவை அதே கேஎல், அதே கோலாலம்பூர். கடைசித் தடவை அண்ணனின் மோட்டார் வாசலில்தான் நின்றது.

பொறுக்க முடியாமல் இன்று நானே பேங்குக்குப் போனேன். என் பெயரில் யாரும் விண்ணப்பமே போடவில்லை. அதிகாரி சான்றிதழின் எண் மேல் விரலை வைத்தார். 12 இலக்கம், முதல் நான்கும் பதிவு செய்த வருஷமாம். என்னுடையதில் 2021 என்று இருந்தது, நான் காசு கட்டியது இந்த வருஷம். தேடிப் பார்த்தால் அது யாருடையதோ டோபி கடை. என் பெயரை அதன் மேல் ஒட்டியிருக்கிறான். கணக்குக்கு வேண்டிய கையெழுத்தும் ஐசியும் (அடையாள அட்டை) என்னுடையது, நான் போகாமல் இவன் எப்படிக் கணக்கு திறப்பான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

நிறைய எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. எஸ்எஸ்எம் பதிவை நீங்களே ஆன்லைனில் செய்யலாம். ஐசியில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, தனி வியாபாரப் பெயர் என்றால் 60. அறுபதுக்கு நான் கொடுத்தது 350! செக், கம்பெனி ஆர்டர் எதுவும் இல்லை என்றால் இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கை வியாபாரத்துக்கு மட்டும் ஒதுக்கினாலே பாதித் தலைவலி போகும், பேங்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் வருமானத்தை வருமான வரிப் பி படிவத்தில் காட்டத்தான் வேண்டும், பில்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரன் தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தது தெரிந்தவுடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்குப் போன் அடியுங்கள், என்னை மாதிரி ஆறு வாரம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

செக் இன்னும் கிராணியின் டிராயரில் இருக்கிறது. நாளை போலீஸ் ரிப்போர்ட். இப்போதுதான் அவன் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்தேன், 1,850 வெள்ளி என்று எழுதி ஒரு சாப்பு (முத்திரை) குத்தியிருக்கிறான், "பெற்றுக்கொண்டோம்" என்று. கடைப் பெயரே இல்லை.