நாவலை எடுப்பதா, படத்தைப் பார்ப்பதா?

“படத்தைவிடப் புத்தகம்தான் பிரமாதம்” என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. சொன்னவருக்கு நல்ல வாசகர் என்ற பெயர் கிடைக்கிறது. படத்தை மட்டும் பார்த்தவர் ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலையாட்டுகிறார். எனக்கு இந்தத் தீர்ப்பில் நம்பிக்கை கிடையாது. நாவலிலிருந்து வந்த தமிழ்ப் படங்களை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படம் நாவலைத் தூக்கிச் சாப்பிட்ட இடங்களும் இருக்கின்றன, படமே எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று தோன்றும் இடங்களும் இருக்கின்றன. நூலகத்தில் தேடினால் கிடைக்கக்கூடிய சில நாவல்களையும் அவற்றின் படங்களையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது என்றால் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. கோபுலு வரைந்த ஓவியங்களுக்காகவே அந்த இதழ்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ஏ.பி. நாகராஜன் 1968-இல் படமாக எடுத்தார். இங்கே என் ஓட்டு தயங்காமல் படத்துக்குத்தான்.

சுப்புவின் நடை பேச்சுக் கச்சேரிபோல ஓடும். தஞ்சை மண்ணின் நக்கலும் குசும்பும் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. ஆனால் அது வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதப்பட்ட கதை. நாட்டியக்காரி மோகனாவுக்கு ஒரு ஆபத்து, அது தீர்ந்ததும் இன்னொரு பணக்காரர், அவருக்கு ஒரு தரகர் என்று நீண்டுகொண்டே போகிறது. வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்தவர்களுக்கு அது விருந்து. ஒரே மூச்சில் படிப்பவருக்கு நடுவில் அலுப்புத் தட்டும். அதைவிடப் பெரிய சங்கடம், நாயகன் நாகஸ்வர வித்வான். “உருகி உருகி வாசித்தார்” என்று எத்தனை முறை எழுதினாலும் படிப்பவர் காதில் எதுவும் விழாது.

படத்தில் விழுகிறது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் அது. சிவாஜி கன்னத்தை உப்பி, மூச்சை அடக்கி, துளைகளின் மேல் விரல்களை ஓட்டுவதைப் பார்க்கும்போது வாசிப்பது வேறு யாரோ என்பது மறந்துபோகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது வேட்டு வெடித்ததும் வருகிற அந்தக் கோபம், சிக்கல் சண்முகசுந்தரம் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. ரயில் பெட்டிக் காட்சியையும் சொல்ல வேண்டும். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் இருவர், நடுவில் காவல் காக்கும் சி.கே. சரஸ்வதி, ஒன்றும் தெரியாததுபோல எல்லாவற்றையும் கவனிக்கும் டி.எஸ். பாலையா. பேச்சே தேவைப்படவில்லை. நாகேஷின் வைத்தியையும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் பார்த்தவர்களுக்குப் புத்தகத்தில் அந்தப் பெயர்கள் வரும்போது அவர்களுடைய குரல்தான் கேட்கும். நாவலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை.

அப்படியானால் சங்கீதம் சம்பந்தப்பட்ட கதை என்றாலே படம்தான் ஜெயிக்கும் என்று முடிவுக்கு வரத் தோன்றும். அந்த முடிவை ‘மோகமுள்’ கெடுத்துவிடுகிறது.

தி. ஜானகிராமனின் நாவலும் காவிரிக்கரைக் கதைதான், அதுவும் சங்கீதக் கதைதான். கும்பகோணத்தில் படிக்கும் பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ரங்கண்ணா. ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த படத்துக்கு இளையராஜா இசை. ‘கமலம் பாத கமலம்’ இன்றும் கேட்கக் கேட்கச் சலிக்காது. ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு வருகிறார். அவர் திரையில் இருக்கும் நேரமெல்லாம் படம் நிமிர்ந்து உட்காருகிறது. இவ்வளவு இருந்தும் புத்தகத்தின் பக்கத்தில் படத்தை வைக்க முடியவில்லை.

காரணம் பாபுவின் மனசு. அவன் ஒன்றை நினைக்கிறான், அதற்காக வெட்கப்படுகிறான், வெட்கப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல் கொள்கிறான், அதற்குள் தெருவில் எதையோ பார்த்து எல்லாவற்றையும் மறந்துவிடுகிறான். ஜானகிராமன் இதையெல்லாம் ஒரே பத்தியில் செய்துவிடுவார். கேமராவுக்கு அது எட்டாது. நடிகர் ஜன்னல் வழியாக வெளியே வெறித்துப் பார்ப்பதோடு நின்றுவிடும். சங்கீதமும் இந்த நாவலில் வேறு மாதிரி வருகிறது. வடக்கிலிருந்து வந்த மராட்டியப் பாடகர்களின் குரலைக் கேட்டுப் பாபு ஆடிப்போகும் இடத்தில், அவர்கள் என்ன பாடினார்கள் என்பதைவிட, அதைக் கேட்ட இவனுக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயம். படிக்கும் நமக்கு அந்தக் குரலை நாமே கற்பனை செய்துகொள்ளும் சுதந்திரம் இருக்கிறது. படத்தில் யாராவது ஒருவர் பாடியாக வேண்டும், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் “இவ்வளவுதானா?” என்று ஒரு குறை நிற்கும். தில்லானாவில் வித்வான் வாசிக்கிறார், நாம் கேட்கிறோம். மோகமுள்ளில் பாபு கேட்பதைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

புத்தகம் தடிமனானதுதான், நூலகத் தவணைக்குள் முடியுமா என்று பயப்பட வேண்டாம். முடிக்காமல் திருப்பிக் கொடுக்க மனம் வராது. படத்திலிருந்து பாட்டுகளை மட்டும் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எனக்கே தீர்ப்புச் சொல்லச் சிரமமான ஜோடி. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. வெற்றிமாறனின் ‘அசுரன்’ 2019-இல் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு, நிலத்துக்காக அண்ணனைப் பறிகொடுத்த சிறுவன் சிதம்பரம், அவன் செய்யும் கொலை, அப்பாவும் மகனும் தலைமறைவாக அலையும் சில நாட்கள். எலும்புக்கூடு ஒன்றுதான், மேலே போர்த்திய சதை வேறு வேறு.

நாவல் கொலையிலேயே தொடங்கிவிடுகிறது. சிதம்பரம், அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை மட்டும்தான் வெட்ட நினைத்திருந்தான், நடந்தது வேறு. அதன்பின் ஓட்டம். இதற்குப் பிறகு பெரிய திருப்பங்கள் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பகலில் பதுங்குகிறார்கள், இருட்டில் நடக்கிறார்கள், கிடைத்ததை வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், எந்த ஓடைக்குப் பக்கத்தில் படுத்தால் கண்ணில் படாது என்று யோசிக்கிறார்கள். கொலை செய்த பையன் நடுநடுவே சாதாரணச் சிறுவனாகி, அப்பாவிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வருகிறான். அப்பாவும் திட்டுவதில்லை, தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் இல்லை. சக ஆளிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். இந்தப் பேச்சுதான் நாவல். சாதியின் பெயரை ஓரிடத்திலும் சொல்லாமலேயே பூமணி எல்லாவற்றையும் உணர்த்திவிடுகிறார்.

படம் அந்த மௌனத்தை ஏற்கவில்லை. அதில் மையம் மகனிடமிருந்து அப்பாவுக்கு நகர்ந்துவிடுகிறது. தனுஷின் சிவசாமி ஆரம்பத்தில் குனிந்த முதுகோடு ஊராரின் காலில் விழுகிறார், குடும்பத்தாரே அவரைக் கோழை என்று நினைக்கிறார்கள். பிறகு மகன்மேல் ஆபத்து வரும்போது அதே முதுகு நிமிர்கிறது. திரையரங்கில் அந்த இடத்தில் எழுந்த சத்தத்தை நான் மறக்கவில்லை. இரண்டாம் பாதியில் வரும் பழைய கதை நாவலில் இல்லாதது. செருப்புப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன பெண்ணை அடித்து அந்தச் செருப்பைத் தலையில் சுமக்க வைக்கும் காட்சி, தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், குடிசைகள் எரியும் இரவு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நாவல் சொல்லாமல் விட்ட சரித்திரத்தைப் படம் இழுத்து வந்து நடுவில் வைக்கிறது. அதற்காக வெற்றிமாறனைக் குறை சொல்ல மாட்டேன். ‘வெக்கை’யை அப்படியே எடுத்திருந்தால் அது சிறிய, அழகான, அதிகம் பேர் பார்க்காத படமாக முடிந்திருக்கும்.

எனக்குச் சங்கடம் தருவது கடைசிக் காட்சிதான். படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று சிவசாமி மகனுக்குச் சொல்லும் அறிவுரை. நல்ல வார்த்தைகள், பலருடைய வாழ்க்கையில் உண்மையும்கூட. ஆனால் அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிய அப்பா அங்கே சட்டென்று மேடையேறிவிடுகிறார். பூமணியின் அப்பாவுக்கு அந்த மேடை தேவைப்படவில்லை.

இந்த ஜோடியில் இரண்டையும் பார்த்தாக வேண்டும், வரிசை மட்டும் மாறக் கூடாது. நாவல் முதலில். படத்தை முதலில் பார்த்துவிட்டால் நாவலின் அப்பா முகத்தில் தனுஷ் ஒட்டிக்கொள்வார், சிதம்பரம் பின்னால் போய்விடுவான். கரிசல் பேச்சு முதலில் கொஞ்சம் இடறும். சில பக்கங்கள் வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும்.

‘உதிரிப்பூக்க’ளை இந்தப் போட்டியில் சேர்ப்பதே அநியாயம் என்று நினைக்கிறேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது என்று சொல்லிக்கொண்டாலும், மகேந்திரன் அதிலிருந்து எடுத்தது தாயை இழந்த இரண்டு குழந்தைகளை மட்டும்தான். மற்ற எல்லாம், 1979-இல் அவரே உருவாக்கிய ஊர், ஆறு, விஜயன் நடித்த அந்தக் கொடியவன். ஊர்மக்களை என்னைப்போலவே ஆக்கிவிட்டேனே என்று சொல்லிவிட்டு அவன் ஆற்றில் இறங்குவதற்கு இணையான முடிவை நான் தமிழில் அதிகம் பார்த்ததில்லை. ‘சிற்றன்னை’யைத் தனிக் குறுநாவலாகப் படியுங்கள், புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் இணையத்திலும் கிடைக்கும். ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

‘பொன்னியின் செல்வ’னைப் பற்றி இரண்டு வரி போதும். கல்கியின் ஐந்து பாகங்களை மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாகச் சுருக்கினார். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கத்துக்கு இருக்கும் நிதானம், போர்க்களத்தில் தொடங்கும் படத்தில் கிடைக்காது. புத்தகம்தான். ஒரே தொல்லை, நூலகத்தில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் அலமாரியில் இருக்கும், இரண்டாம் பாகத்தை யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். அந்த யாரோ அதை எப்போதும் தவணை தாண்டித்தான் திருப்பிக் கொடுப்பார்.

கடைசியாக ஜெயகாந்தன். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஏ. பீம்சிங் அதைப் படமாக எடுத்தபோது திரைக்கதை வசனத்தையும் ஜெயகாந்தனே எழுதினார். அதனால் எழுத்தாளரைச் சினிமாக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்ற வழக்கமான புகாருக்கு இங்கே இடமில்லை. நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. விருது கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கங்காவின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டவனான ஸ்ரீகாந்தின் பிரபுவை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக வரும் நாகேஷ், சிரிக்க வைக்கும் நாகேஷ் இல்லை. நாவலில் கங்காவே தன் கதையைச் சொல்கிறாள், அந்தக் குரலில் இருக்கும் கசப்பும் கெட்டிக்காரத்தனமும் பக்கம் பக்கமாக நம்மோடு வாதாடும். படத்தில் லட்சுமி அதையெல்லாம் பேசாமலேயே கண்ணில் வைத்திருக்கிறார். எது மேல் என்று கேட்டால், வாதாடப் பிடித்தவர்களுக்கு நாவல், மற்றவர்களுக்குப் படம்.

ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1966-இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. மழையில் நனைந்து நின்ற கல்லூரிப் பெண், காரில் வந்த அந்நியன், வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி “நீ சுத்தமாயிட்டே” என்று சொல்லும் அம்மா. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். சிறுகதையைப் படிக்காமல் நாவலுக்குள் போனால் பாதி விளையாட்டு புரியாமல் போகும். ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுப்பு இல்லாத நூலகம் அபூர்வம். அங்கேயே நின்றபடி படித்து முடித்துவிட்டு, நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.