டி-யை தூக்க எது பெஸ்ட்: பிரதியிடலா, முற்றொருமையா?

துணையலகு சமன்பாடு (எக்ஸ், ஒய் ரெண்டையும் டி-ங்கிற மூணாவது மாறில எழுதினது) ரெண்டு குடுத்துட்டு, டி-யை நீக்கி எக்ஸ், ஒய் மட்டும் வர்ற மாதிரி எழுதுன்னு கேட்டா எந்த வழில போறதுன்னு நிறைய பேருக்கு குழப்பம், எனக்கும் பிளஸ் டூல இதே கதைதான்.

வேலை எவ்ளோ:
பிரதியிடல் (ஒரு சமன்பாட்டுல டி-யை தனியா எடுத்து இன்னொண்ணுல போடுறது) – எக்ஸ் = டி − 1, ஒய் = டி² + 2 மாதிரி இருந்தா ஒரே வரி. டி = எக்ஸ் + 1, அத போட்டா ஒய் = (எக்ஸ் + 1)² + 2, பரவளையம், முடிஞ்சுது.
முற்றொருமை (காஸ்² + சைன்² = 1 மாதிரி எந்த கோணத்துக்கும் உண்மையான சமன்பாட்ட வச்சு நீக்குறது) – இங்க இதுக்கு வேலையே இல்ல.

சைன், காஸ் வந்தா:
பிரதியிடல் – எக்ஸ் = 3 காஸ் டி, ஒய் = 2 சைன் டி-ல டி-யை தனியா எடுக்க நேர்மாறு காஸ் போட்டு, கடைசில ஒய் = 2√(1 − எக்ஸ்²/9)னு நிக்கும், பாத்தா மேல் பாதி மட்டும்தான் இருக்கு, கீழ் பாதி எங்கயோ போயிடுச்சு!
முற்றொருமை – காஸ்² + சைன்² = 1, எக்ஸ்²/9 + ஒய்²/4 = 1, முழு நீள்வட்டமும் கைல. சீகன்ட், டேன் வந்தா சீகன்ட்² − டேன்² = 1, அதிபரவளையம்.

மாட்டிக்கிற இடம்:
ரெண்டுலயும் வீச்ச (எக்ஸ், ஒய் எந்தெந்த மதிப்ப எடுக்க முடியும்ங்கிறத) மறந்தா காலி. எக்ஸ் = √டி, ஒய் = டி + 1-க்கு ஒய் = எக்ஸ்² + 1 வரும், ஆனா எக்ஸ் ≥ 0 எழுதலைன்னா இல்லாத இடது பக்கத்தையும் சேத்து வரைஞ்சிடுவீங்க, நான் மார்க் விட்டதே இதுலதான்.

ஒரு சமன்பாட்டுல டி ஒருபடியா (வர்க்கம், மூலம் இல்லாம வெறும் டி-யா) இருந்தா கண்ண மூடிட்டு பிரதியிடுங்க. ரெண்டுலயும் ஒரே கோணத்தோட சைன், காஸ் இருந்தா முற்றொருமைதான்.