பன்னிரண்டு தந்தி யுனிவர்சல் பெடல் ஸ்டீல்: எந்த முழங்காலுக்கு எந்த லீவர்?

பெடல் ஸ்டீல் கிட்டார் செய்யச் சொல்பவர், கோபெடன்ட் என்ற அட்டவணையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எந்தப் பெடல், எந்த லீவர், எந்தத் தந்தியை எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்துத் தந்தி ஈ9 கிட்டார் என்றால் இது பெரிய விஷயமில்லை, ஏனென்றால் கண்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில்லில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு தந்தி யுனிவர்சலுக்கு வந்தால்தான் தலை சுற்றும். ஆளுக்கொரு அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம்.

பெடல் ஸ்டீல் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஹவாயன் கிட்டாரைப் போலவே இதிலும் தந்திகளின் மேல் ஓர் உலோகத் தண்டை நகர்த்தித்தான் வாசிக்கிறோம். கூடவே பாதத்துக்குப் பெடல்களும் முழங்காலுக்கு லீவர்களும் உண்டு. மிதித்தாலோ தள்ளினாலோ சில தந்திகள் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி மாறும். 1954இல் வெளிவந்த, கண்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி மிதித்து வாசித்த பிறகு, கண்ட்ரி இசையின் குரலே மாறிப்போனது. அந்தக் கண்ட்ரி குரலுக்கு ஈ9 சுருதியமைப்பு, வெஸ்டர்ன் ஸ்விங்குக்கும் ஜாஸுக்கும் சி6. இரண்டும் வேண்டுமென்றால் இரட்டைக் கழுத்துக் கிட்டார், இருபது தந்தி, தூக்கவே ஆள் தேவை. இரண்டையும் ஒரே கழுத்தில் அடக்குவதுதான் யுனிவர்சல். ஜெஃப் நியூமன் ஈ9/பி6 வடிவத்தைக் கற்றுக்கொடுத்துப் பரப்பினார் (பி6 என்பது அரைச்சுரம் இறங்கிய சி6தான்). பெடல் ஸ்டீல் செய்யும் எம்எஸ்ஏ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாரிஸ் ஆண்டர்சன், பி ஃப்ளாட் 6ஐ வீடாக வைத்து, அங்கிருந்து ஈ ஃப்ளாட் 9க்குப் போகும் வழியைப் பிடித்தார். இங்கே பேசப்போவது முதல் வடிவத்தைப் பற்றி.

அதன் தந்திகள் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், ஈ, பி. இதில் 4, 8 ஆகிய இரண்டு ஈ தந்திகளை மட்டும் அரைச்சுரம் இறக்கி டி ஷார்ப் ஆக்கினால் மொத்தமும் பி6 ஆகிவிடும். 11ஆம் தந்தி ஈயாகவே நிற்கும், சி6இல் 9ஆம் தந்தி எஃப் செய்கிற வேலையை அது இங்கே செய்யும். ஆக, ஈயை இறக்கும் அந்த ஒரு லீவர்தான் இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள கதவு.

மற்ற எல்லா முடிவுகளும் இந்த லீவரிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் கருத்து. பி6 வாசிக்கும் நேரம் முழுக்க அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்கவேண்டும். ஒரு முழங்கால் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால், அதே முழங்காலின் எதிர்ப்பக்க லீவர் அந்த நேரம் முழுக்க செத்த லீவர். எதை அப்படிச் சாகவிடலாம்? என்னென்ன மாற்றங்கள் அழகாக இருக்கும் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வேண்டும்.

விடையும் கையருகிலேயே இருக்கிறது. ஈயை எஃப் ஆக ஏற்றும் லீவர், பேச்சுவழக்கில் எஃப் லீவர். ஈ9இல் அது இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஏ பெடல் பியை சி ஷார்ப்புக்கும், பி பெடல் ஜி ஷார்ப்பை ஏ சுரத்துக்கும் ஏற்றும். ஜி மேஜரை மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் மூன்றாம் கோட்டில்) வெறுமனேயும், ஆறாம் ஃபிரெட்டில் ஏ பெடலோடு எஃப் லீவரைச் சேர்த்தும், பத்தாம் ஃபிரெட்டில் ஏ, பி பெடல்களை மிதித்தும் எடுக்கலாம். அந்த நடு நிலையம் இல்லாவிட்டால் கழுத்தில் பாதி இருட்டு. ஆனால் பி6இல் ஈ தந்திகள் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கின்றன. அங்கே எஃப் லீவரைத் தள்ளினால் அவை திரும்ப ஈக்குத்தான் வரும், அதற்கு இறக்கிய லீவரை விட்டாலே போதும். எனவே ஈ இறக்கமும் எஃப் ஏற்றமும் ஒரே முழங்காலில் எதிரெதிராக இருக்கட்டும். எந்த முழங்கால் என்பது அடுத்த கேள்வி.

முதல் கட்சி, இடது முழங்கால். எல்கேஎல் எனப்படும் இடப்பக்கத் தள்ளலுக்கு எஃப், எல்கேஆர் எனப்படும் வலப்பக்கத் தள்ளலுக்கு டி ஷார்ப். எம்மன்ஸ் முறையில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி என்று வரும். ஏ பெடல் பக்கம் பாதம் உருளும்போது முழங்கால் தானாகவே இடப்பக்கம் சாய்ந்து எஃப் லீவரைத் தொடும். பி பெடலுக்கு வரும்போது வலப்பக்கம் சாயும், அங்கே டி ஷார்ப் காத்திருக்கிறது. பி பெடலும் ஈ இறக்கமும் சேர்ந்தால் பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ என நான்கும் கிடைத்து முழு பி7 வரும். அந்தச் சாய்வில் ஓர் இயல்பு இருக்கிறது, அதைப் பழகியவருக்குக் கால் யோசிக்காது. ஈ9 வாசித்துவிட்டு வருகிறவர் பழைய பாடங்கள் எதையும் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

சிக்கல் பி6 பெடல்களில் வரும். அவை சி பெடலுக்கு வலப்பக்கம் வரிசையாக இருக்கும். இடது பாதம் அங்கே தாவிப் போக, முழங்கால் எல்கேஆரை விடாமல் பிடிக்கவும் வேண்டும். கால் வலப்பக்கம் போவதால் லீவர் மேல் சாய்வது சுலபம்தான், ஆனால் காலின் கோணம் பூட்டிக்கொள்ளும். ஒரு பாட்டுக்குப் பரவாயில்லை. ஸ்விங் இசையிலேயே மாலை முழுக்க இருப்பவருக்கு இடுப்பு கேள்வி கேட்கும்.

இரண்டாம் கட்சி, ஈ இறக்கத்தை வலது முழங்காலின் வலப்பக்கம், ஆர்கேஆரில் வைப்பது. எஃப் லீவர் எதிரே ஆர்கேஎல்லில். இடது கால் முழுச் சுதந்திரம் பெறும், எந்தப் பெடலுக்கும் போகலாம், அதன் மூன்று லீவர்களும் பி6இல் உயிரோடிருக்கும். விலை என்ன? வலது பாதம் வால்யூம் பெடலில் இருக்கிறது. முழங்காலை ஒரு பக்கம் சாய்த்தபடி பாதத்தை மெல்ல ஏற்றி இறக்கி ஒலியை நீட்டுவது தனிப் பயிற்சி. லீவரின் ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் வால்யூமில் நடுக்கம் தெரியும். எனவே இந்தக் கட்சியில் சேருகிறவர் அந்த ஒரு லீவரையாவது இலகுவாக அமைத்துத் தரச் சொல்லவேண்டும்.

ஜிம்மி டே முறையில் பெடல்கள் தலைகீழ்: சி, பி, ஏ. அதனால் சாய்வும் தலைகீழ், எஃப் எல்கேஆரிலும் ஈ இறக்கம் எல்கேஎல்லிலும் போகும். பத்துத் தந்தியில் அது சுகம். யுனிவர்சலிலோ பாதம் வலப்பக்கக் கடைசிப் பெடல்களுக்குப் போகும்போது முழங்கால் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், உடம்பு இரண்டு பக்கமும் இழுபடும். டே முறைக்காரர்கள் தயங்காமல் இரண்டாம் கட்சிக்கு வந்துவிடலாம். எம்மன்ஸ்காரர்களில் ஈ9 பாதிக்கு மேல் வாசிப்பவர்களுக்கு நான் முதல் கட்சியைத்தான் சொல்வேன்.

பூட்டு வைத்துக்கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு. ஒரு சிறு நெம்புகோலைப் போட்டால் ஈ தந்திகள் இறங்கியே நிற்கும், கால்கள் இரண்டும் சும்மா. அப்போது எஃப் லீவருக்கும் உயிர் வருகிறது: டி ஷார்ப்பை ஈ ஆக்கும், சி6காரர்கள் ஈயிலிருந்து எஃபுக்குப் போகிற அதே மாற்றம். நல்ல லாபம்தான். ஆனாலும் எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ஒரே வாசிப்பில், ஒரே மூச்சில் ஈ9லிருந்து பி6க்கு வழுக்கிப் போய் வருவதுதான் யுனிவர்சலின் உயிர். பூட்டு போட்டதும் அது மறுபடி இரண்டு கிட்டாராகிவிடுகிறது. கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் பூட்டு நல்ல துணை.

சரி, அடுத்த சண்டை டி சுரத்தைப் பற்றி. பத்துத் தந்தி ஈ9இல் 9ஆம் தந்தி டி. யுனிவர்சலில் அந்த இடத்தை பி எடுத்துக்கொண்டதால், டியை லீவரில்தான் தேடவேண்டும். 9ஆம் தந்தி பியை மூன்று அரைச்சுரம் ஏற்றலாம், அல்லது 8ஆம் தந்தி ஈயை இரண்டு அரைச்சுரம் இறக்கலாம். இரண்டிலும் கிடைப்பது ஒரே ஸ்தாயி டிதான். பெரும்பாலும் 2ஆம் தந்தி டி ஷார்ப்பை டி, சி ஷார்ப் என இறக்கும் லீவரோடு இதைச் சேர்த்துவிடுவார்கள்.

9ஐ ஏற்றுவதன் பலம் கையின் ஞாபகம். 5, 6, 9 என்று மூன்று தந்திகளைப் பிடித்து ஈ7 எடுத்துப் பழகிய விரல்கள் அதே இடத்துக்குப் போகலாம், 8ஆம் தந்தி ஈயும் அப்படியே பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒரு தடித்த தந்தியை மூன்று அரைச்சுரம் இழுப்பது நீண்ட பயணம், லீவர் கனமாகும். பி6 பக்கம் இதனால் பெரிய வருமானமும் இல்லை.

8ஐ இறக்கிப் பாருங்கள். தண்டை ஏதாவது ஒரு ஃபிரெட்டில் வைத்து, கட்டைவிரலால் 11, 10, 9, 8, 7 என்று கீழிருந்து மேலே மெதுவாகத் தடவுங்கள். திறந்த தந்திக் கணக்கில் ஈ, ஜி ஷார்ப், பி, டி, எஃப் ஷார்ப். ஒரு சுரமும் குறையாத ஈ9 கார்டு, ஐந்து பக்கத்துத் தந்திகளில், அடியிலிருந்து நிரம்பி வருகிறது. சி6இல் ஆறாம் பெடல் கொடுக்கும் புகழ்பெற்ற ஒலியில் பாதி இது. இன்னும் அழகு, ஈ இறக்கத்தைப் பிடித்திருந்தாலும் விட்டிருந்தாலும் இந்தக் கார்டு வரும், ஏனென்றால் மற்ற நான்கு தந்திகளை அந்த லீவர் தொடுவதே இல்லை. 9ஐ ஏற்றும் முறையில் இதே ஐந்து தந்திகளைத் தடவினால் பி காணாமல் போய், டி, ஈ, எஃப் ஷார்ப் மூன்றும் நெருக்கியடித்து நிற்கும். இரண்டு உலகத்துக்கும் சம்பாதித்துத் தரும் மாற்றம்தான் யுனிவர்சலில் இடம் பெறத் தகுதியானது. இந்தப் போட்டியில் எனக்குச் சந்தேகமே இல்லை, 8ஆம் தந்திதான்.

அதே அளவுகோலை பியை பி ஃப்ளாட் ஆக்கும் லீவருக்கும் வைத்துப் பார்த்தால் அதற்குப் போட்டியே கிடையாது. ஏ, பி பெடல்களோடு சேர்ந்து 5ஆம் தந்தியில் சி கொடுத்து ஏ மைனர் ஆக்குகிறது, பி6இல் பி மேஜர் 7 ஆக்குகிறது. வழக்கமாக இது இடது முழங்காலை மேலே தூக்கித் தொடும் எல்கேவியில் இருக்கும். முதல் கட்சியில் எல்கேஆரைப் பிடித்தபடி தூக்கவும் முடியும், கொஞ்சம் பழக வேண்டும். இரண்டாம் கட்சியில் அந்தத் தொல்லை இல்லை. தொடைக்கும் லீவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பது ஆளுக்கு ஆள் மாறும், உட்கார்ந்து பார்த்து அளவெடுக்காமல் இதைப் பொருத்தக் கூடாது. ஏ பெடலோடு சேரும்போது சி சரியான சுருதியில் நிற்க, தனித் திருகு ஒன்றும் கேட்டு வாங்க வேண்டும்.

மிச்சமிருப்பது எஃப் ஷார்ப். 1, 7 ஆகிய தந்திகளை ஜிக்கு ஏற்றுவதா, ஜி ஷார்ப்புக்கா? இன்றைய நாஷ்வில் முறை 1ஐ ஜி ஷார்ப்புக்கும் கூடவே 2ஐ ஈக்கும் ஏற்றுகிறது. தனி வாசிப்பில் அது இனிமை. ஏ, பி பெடல்களோடு பார்த்தால் ஜி ஷார்ப் ஏ மேஜர் 7 தரும், ஜி ஏ7 தரும். பி6இல் ஜி ஷார்ப் பக்கத்துத் தந்தியின் சுரத்தையே திரும்பச் சொல்கிறது, ஜியோ ஆக்மென்டட் கார்டைத் திறக்கிறது. எனக்கு ஜி. பாலட் எனப்படும் மெதுவான பாட்டுகளில் முதல் தந்தியையே நம்பி வாசிப்பவர் ஜி ஷார்ப்பை விட மாட்டார், அவரைக் குறைசொல்லவும் மாட்டேன்.

எம்மன்ஸ் முறைக்காரருக்கு ஐந்து லீவர்களும் இப்படி உட்காரும்: எல்கேஎல் எஃப், எல்கேஆர் ஈ இறக்கம், எல்கேவி பி ஃப்ளாட், ஆர்கேஎல் ஜி, ஆர்கேஆர் 2ஆம் தந்தியும் 8ஆம் தந்தியும் டி. இரண்டாம் கட்சி என்றால் எஃபும் ஈ இறக்கமும் வலது காலுக்குப் போகும், ஜியும் டியும் இடது காலுக்கு வரும், பி ஃப்ளாட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அட்டவணையை அனுப்புவதற்கு முன் சேஞ்சரின், அதாவது தந்திகளை ஏற்றி இறக்கும் பொறியின், துளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு தந்திக்கு மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம் என்பது பல கிட்டார்களில் காணும் அமைப்பு. 8ஆம் தந்தியைப் பாருங்கள்: டி ஷார்ப்புக்கு ஒரு இறக்கம், டி லீவருக்கு ஒன்று, ஆறாம் பெடலும் அதே தந்தியை டிக்கு இறக்குமானால் மூன்றாவது. துளை பத்தாது. மூன்று இறக்கத் துளை உள்ள சேஞ்சர் கேட்கலாம். இல்லாவிட்டால் ஆறாம் பெடலை 4ஆம் தந்தியை ஈக்கு ஏற்ற மட்டும் விட்டுவிட்டு, டியை முழங்காலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து வேண்டும்போது பாதத்தோடு முழங்காலும் வேலை செய்யணும், அவ்வளவுதான். 9ஆம் தந்தியை ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இதே கணக்கு உண்டு: ஏ பெடல் அந்த பியை சி ஷார்ப்புக்கும், எட்டாம் பெடல் சிக்கும், லீவர் டிக்கும் ஏற்றினால் மூன்று ஏற்றத் துளைகளும் நிரம்பிவிடும், பின்னால் புதிதாக ஒன்றைச் சேர்க்க இடமிருக்காது.