யமஹா எஃப்ஜி-180: பரணில் கிடந்த சிவப்பு லேபிள் கிட்டார் எவ்வளவு பெறும்?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உள்ளே சிவப்பு லேபிள் ஒட்டிய பழைய ஜப்பான் யமஹா எஃப்ஜி-180 நல்ல நிலையில் இருந்தால் வெளிநாடுகளில் சில நூறு டாலருக்குக் கைமாறுகிறது. நம் பணத்தில் முப்பது, நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருக்கும் கிட்டாருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. லட்சக்கணக்கில் கனவு காண வேண்டாம். ஆனால் வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

இது என் பெரியப்பாவின் கிட்டார். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான் போன ஒரு பயணத்தில் கோபே துறைமுகத்தில் வாங்கியது என்று பெரியம்மா சொல்கிறார். கரைக்கு வந்தபின் தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் கொஞ்ச காலம் வாசித்திருக்கிறார். அப்புறம் ரெக்ஸின் உறையோடு பரணில் ஏறியது. வெள்ளையடிக்கச் சாமான்களை எல்லாம் கீழே இறக்கும் வரை அது அங்கே இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

இறக்கிய அன்றே அண்ணன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. 2024இல் வந்த செய்திகள் அப்படி. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் வாசித்த ஃப்ராமஸ் பன்னிரண்டு கம்பிக் கிட்டார் ஒன்று இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, நியூயார்க் ஏலத்தில் 28 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே வருடம், 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோன, அதே குழுவின் பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸ் கிட்டாரும் ஒரு பரணிலிருந்து கிடைத்து அவர் கைக்கே திரும்பிய செய்தி வந்தது. 1961இல் ஹாம்பர்க்கில் அவர் அதை வாங்கியது சுமார் 30 பவுண்டுக்கு. இதையெல்லாம் படித்தவருக்குச் சொந்தப் பரணில் ஒரு கிட்டார் கிடைத்தால் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த விலையெல்லாம் வாசித்த கைக்குக் கிடைத்த விலை. அப்படி ஒரு பெயர் பின்னால் இல்லாத கிட்டாருக்கு நாலு விஷயம்தான் விலை சொல்லும்: என்ன மாடல், எங்கே எப்போது செய்தது, எவ்வளவு பாகம் அசல், இப்போது வாசிக்க வருமா. பழசு என்பதற்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை.

மாடலைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. நடு ஓட்டை வழியே டார்ச் அடித்தால் சிவப்புத் தாள். அதில் எஃப்ஜி-180 என்றும், நிப்பான் காக்கி என்ற கம்பெனிப் பெயரும். யமஹாவின் அப்போதைய பெயர் அதுதான், 1987இல்தான் யமஹா கார்ப்பரேஷன் ஆனது. எஃப்ஜி வரிசை தொடங்கியது 1966இல், 180ம் அதன் தம்பி 150ம் சேர்ந்து. 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று வாசித்தது ஒரு எஃப்ஜி-150. சிவப்பு லேபிள் 1970களின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. பின்னால் தைவான் ஆலையில் செய்து வந்தவை வேறு லேபிளோடு வந்தவை, விலையும் குறைவு. 2019இல் யமஹாவே சிவப்பு லேபிள் என்ற பெயரில் புதிய வரிசையை இறக்கியதிலிருந்து பழையதைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

வருடத்தைச் சொன்னது சென்னையில் கிட்டார் பழுது பார்க்கும் ஒருவர். முத்துநகர் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் என் பக்கத்திலேயே படுக்க வைத்து எடுத்துப்போனேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, கழுத்து வந்து உடலோடு சேரும் கட்டையைக் காட்டினார். 45 என்று தொடங்கும் எண் முத்திரை. அது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டு. ஷோவா என்பது அந்த ஆட்சிக்காலத்தின் பெயர், ஷோவா 45 என்றால் 1970. பெரியப்பா கப்பலில் இருந்த காலத்தோடு சரியாகப் பொருந்துகிறது.

அதே கண்ணாடியில் இன்னொன்றும் பார்த்தேன். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் மேல் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் உண்டு, நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அவற்றுக்கு அடியில் ஆளுக்கொரு போல்ட். உள்ளே மரப்பலகையில் நட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பசை விட்டாலும் பிரிட்ஜ் கழன்று வராது. நட்டுகள் துருப்பிடித்திருந்தன, பிடி தளரவில்லை.

இனி குறை. குறை பெரியதுதான். கம்பிகளை இறுக்கத்தோடேயே விட்டு உறையில் போட்டிருக்கிறார்கள். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவை. அத்தனை வருடம் இழுத்ததில் கழுத்து கொஞ்சம் முன்னால் சாய்ந்துவிட்டது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் நாலு மில்லிமீட்டருக்கு மேல். இரண்டரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். முறையான வைத்தியம் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி பொருத்துவது. ஆனால் அந்தக் கால யமஹாவில் கழுத்துக்குப் போட்ட பசை நீராவிக்கு லேசில் இளகாது. அந்த வேலைக்கு ஆகும் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும் என்று அவரே சொன்னார். வேலை கிடைக்கட்டும் என்று மறைக்கவில்லை, அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

மாற்று வழியாக, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான சாடிலைத் தேய்த்து இறக்கினார். சாடிலில் 2 மில்லிமீட்டர் எடுத்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும், அதற்கு மேல் தேய்த்தால் கம்பி சாடிலில் அழுந்தாமல் சத்தம் செத்துவிடும். கடைசியில் மூன்றுக்குப் பக்கத்தில் நின்றது. பச்சை பூத்திருந்த ஃபிரெட்டுகளை மெருகேற்றி, கம்பியை முறுக்கும் கீ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 11 என்ற மெல்லிய அளவுக் கம்பிகள் போட்டுக் கொடுத்தார். பழைய கீகளை மாற்றவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். சுற்ற முடிகிற வரைக்கும் அசலே இருக்கட்டும், விற்பதானாலும் அதற்குத்தான் மதிப்பு.

சத்தத்துக்கு வருகிறேன். இந்தக் கிட்டார் முழுக்க பிளைவுட். முகப்பு ஸ்ப்ரூஸ் பிளைவுட், பக்கமும் முதுகும் மகோகனி பிளைவுட். கிட்டார் தெரிந்தவர்கள் பிளைவுட் என்றதும் முகம் சுளிப்பார்கள், ஒற்றைப் பலகையில் செய்த முகப்புக்குத்தான் கிராக்கி. எங்கள் ஊரில் ஒரு கடைக்காரரும் அதைச் சொல்லித்தான் இரண்டாயிரத்துக்குக் கேட்டார். ஆனால் தூத்துக்குடிக் கடற்காற்றிலும், மேலே ஓடு காயும் பரண் சூட்டிலும், அதன்பின் வரும் ஐப்பசி ஈரத்திலும் ஒற்றைப் பலகை இவ்வளவு காலம் வெடிக்காமல் இருந்திருக்குமா? இதில் ஒரு விரிசல் இல்லை. வயிறு ஊதவில்லை. விலையைக் குறைக்கிற அதே பிளைவுட்தான் கிட்டாரை எங்களுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஒலியும் பிளைவுட் என்று சொல்ல விடாது. டி கார்டை ஓங்கி அடித்தால் நடுச்சுரங்கள் காய்ந்த, திறந்த குரலில் எழும்பி வருகின்றன. அடித்தொனி கனமில்லை, சட்டென்று அடங்கிவிடுகிறது. விரல்களால் மெதுவாக மீட்டுகிறவர்களுக்கு இது போதாது. கூட்டத்தோடு பாடுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஞாயிறு பூசையில் கீபோர்டும் தபேலாவும் இருந்தும் இதன் சத்தம் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஐந்தாவது ஃபிரெட் வரை விரலுக்கு வலி இல்லை. மேலே போனால் அழுத்த வேண்டியிருக்கிறது, அங்கே ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடிப்பது சிரமம். நான் கழுத்தைக் கவ்விக் கம்பிகளை அழுத்தும் கேப்போ போட்டு இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டிலேயே முடித்துக்கொள்கிறேன்.

புதிதாக வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். பாடற்குழுத் தம்பி ஒருவன் யமஹா எஃப்280 வைத்திருக்கிறான். சென்னைக்குப் பக்கத்தில் யமஹா 2019இல் தொடங்கிய ஆலையில் செய்தது, பத்தாயிரத்தை ஒட்டி விலை. இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தோம். கைக்குச் சுகம் எஃப்280தான், சுருதியும் நன்றாக நிற்கிறது. படிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். குரல் மட்டும் எஃப்ஜிக்குத்தான், தம்பியே ஒத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தால், துடைக்கும் முன் லேபிளையும் முத்திரையையும் போட்டோ எடுங்கள். காய்ந்த துணி போதும். பாலிஷ், தேங்காய் எண்ணெய், புதுக் கீ எதுவும் வேண்டாம். கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், வெட்டாதீர்கள். இறுக்கத்தில் வெட்டினால் துருக்கம்பி முகத்தில் தெறிக்கும். அப்புறம் பழுது பார்க்கிற ஒருவரிடம் காட்டிவிட்டுக் கடைக்காரரிடம் போங்கள், முதலில் கடைக்குப் போனால் பிளைவுட் பேச்சிலேயே விலை முடிந்துவிடும். வாங்குகிறவராக இருந்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்கேல் வையுங்கள். நாலைத் தாண்டினால் இருபதாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சாடிலும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எங்களுடையது விற்பனைக்கு இல்லை. அண்ணன் விலை பேச்சை எடுத்தபோது பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏளா, நீ வாசிக்கிற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அண்ணனுக்கும் அதில் வருத்தமில்லை, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு என்னைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது அவர்தான்.