ரெண்டு பேருக்கும் எட்டுப் பேருக்கும் ஒரே கிரைண்டர்: டில்டிங் டேபிள் டாப், நீண்ட நாள் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் சாதாரண நாட்களில் நானும் அவருமாக இரண்டே பேர். மே மாதம் பள்ளிக்கூடம் அடைத்தால் மகன் வீட்டாரும் மகள் வீட்டாரும் காலை ரயிலில் இரணியலில் வந்து இறங்குவார்கள். அன்றிலிருந்து எட்டு இலை போட வேண்டும். கிரைண்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. தினமும் இருக்கிற இரண்டு பேருக்கு வாங்குவதா, வந்து போகிற பிள்ளைகளுக்கு வாங்குவதா?

நாங்கள் வாங்கியது இரண்டு லிட்டர் டில்டிங் டேபிள் டாப், அதாவது மேடையில் வைத்து ஓட்டி, டிரம்மைச் சாய்த்தே மாவை எடுக்கிற கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்தது. ஒக்கி புயலுக்கு முந்தின வருடம் வீட்டுக்கு வந்தது, இன்றைக்கும் அடுக்களையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, அதிலும் வயதானவர்கள் இருக்கிற வீடுகளுக்கு, உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. இரண்டு லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு, அரைக்கிற அரிசியின் அளவு இல்லை. நாலு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் எங்கள் கணக்கு. அந்த அரிசி ஊறி, தண்ணீரும் சேர்ந்து அரைபடும்போது டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதற்கு மேல் போட்டால் மாவு ஓரம் வழியாக வழியும். பிள்ளைகள் இருக்கும்போது அரிசியை இரண்டு தடவையாக அரைப்பேன். ஒரே தடவையில் திணித்து மோட்டாரைத் திணற வைப்பதைவிட அது நல்லது.

பலரும் கவனிக்காமல் விடுவது குறைந்த அளவு. உளுந்து அரை டம்ளர்தான் என்றால் அது கல்லுக்கு அடியில் போகாமல் டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். பக்கத்திலேயே நின்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு பேர் இருக்கும்போதும் ஒரு டம்ளர் உளுந்துக்குக் குறைத்துப் போடுவதில்லை. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் புளித்ததில் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) பச்சைமிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம் என்று தீர்த்துவிடுவோம். வாரத்துக்கு ஒரு தடவை அரைத்தால் போதும்.

மிக்சி இருக்கும்போது இது எதற்கு என்று என் மருமகளே ஒரு தடவை கேட்டாள். உளுந்தை இரண்டிலும் அரைத்துக் காட்டினேன். மிக்சியின் பிளேடு வேகமாக வெட்டும், வெட்டுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடும். கல் மெதுவாக நசுக்கும். உளுந்தில் இருக்கிற வழுவழுப்புதான் புளிக்கும்போது வருகிற காற்றைப் பிடித்து வைத்து இட்லியைப் பொங்க வைக்கிறது. நசுங்கி நசுங்கி அரைபடும்போது அந்த வழுவழுப்பு நன்றாக வெளியே வரும், மாவும் காற்று வாங்கி உப்பும். ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டினால் மிக்சியிலும் ஓரளவு வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டுப் பேருக்கு அப்படி நின்று அரைக்க யாரால் முடியும்?

தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு மணி நேர ஊறல். கல் சுற்ற ஆரம்பித்த பிறகு உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து விடுவேன். எடுக்க அரை மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்திலேயே மாவு வெள்ளையாகி அரைந்த மாதிரி தெரியும், ஆனால் விரலில் தொட்டால் நறநறவென்று இருக்கும். கால் மணி நேரம் தாண்டினால்தான் மாவு மடிந்து மடிந்து கல்லின் மேல் ஏறி, மறுபடி அடியில் போக ஆரம்பிக்கும். சத்தமும் மாறும். அதுவரை கரகரவென்று கேட்டது பிறகு மெத்தென்று ஆகிவிடும். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால்கூட அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே வந்து பார்ப்பேன்.

பதம் பார்க்கிற வேலை பேரப்பிள்ளைகளுக்கு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்து, உளுந்த மாவில் ஒரு சொட்டு விடுவோம். மிதந்தால் எடுக்கலாம், தாழ்ந்தால் இன்னும் ஓட வேண்டும். சின்னவனுக்கு இதில் இருக்கிற ஆசை சொல்லி மாளாது. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு ஏறி நின்றுகொள்வான். "ஆச்சி, முங்கிப்போச்சு" என்பான் வருத்தமாக. கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி, மெதக்குது, மெதக்குது! பாட்டா, ஓடி வாங்க!" அவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, முதல் தடவை பார்ப்பது போலப் பார்ப்பார். மூத்தவளுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது, தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கிரைண்டர் ஓடும்போது பிள்ளைகள் கை டிரம்முக்குள் போகவே கூடாது. மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று தோன்றும், ஆனால் கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் சின்ன விரல் மாட்டினால் அவ்வளவுதான். "மக்களே, கைய உள்ள விடக்கூடாது, கரண்டியையும் விடக்கூடாது" என்று ஒவ்வொரு லீவிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். சொட்டு எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். உளுந்தும் தண்ணீரும் விடுகிற நேரம் தவிர மூடியைப் போட்டுத்தான் ஓட விடுவது. நீளமான தலைமுடியைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும்.

இட்லி மாவு எந்தக் கிரைண்டரிலும் வரும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது தேங்காய் எப்படி அரைபடும் என்பதுதான். இங்கே தேங்காய் இல்லாமல் அடுப்பு பற்றவைப்பதே குறைவு. அவியலுக்கு ஒரு பதம், துவரனுக்கு ஒரு பதம், மீன் குழம்புக்கு ஒரு பதம், தீயலுக்கு ஒரு பதம்.

மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிற அரப்புக்கு இந்தக் கிரைண்டருக்கு முழு மார்க் கொடுப்பேன். ஒரு முழுத் தேங்காய்த் துருவல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், நாலு சின்ன உள்ளி போட்டு விட்டால் வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும். குளச்சலிலிருந்து வருகிற சாளையோ அயிலையோ, மாங்காய் போட்டு மண்சட்டியில் கொதிக்கும்போது குழம்பு பிரியாமல் கெட்டியாக நிற்கும். ஆனால் முழுத் தேங்காய் போட்டால்தான் இது. நாங்கள் இரண்டு பேர் இருக்கும்போது அரை மூடித் துருவல்தான், அதற்கு மிக்சி.

தீயலுக்குக் கிரைண்டர் வேண்டாம். வறுத்த தேங்காயைத் தண்ணீர் தொடாமல் எண்ணெய் கசிய அரைத்தால்தான் அது தீயல். கிரைண்டரில் தண்ணீர் இல்லாமல் அரைபடாது. தண்ணீர் விட்டால் நிறமும் மணமும் போய்விடும். உள்ளித் தீயல் வைக்கிற நாளில் பின்பக்கத் திண்ணையில் கிடக்கிற அம்மியைத்தான் கழுவுவேன். மாங்காய்த் துவையலுக்கும் அம்மிதான்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அடைக்கு இது நன்றாக உதவுகிறது. ஊறிய அரிசி, வற்றல் மிளகாய், சீரகம் பாதி அரைந்த பிறகு கிழங்கைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட வேண்டும். கிழங்கின் நடுவில் இருக்கிற நரம்பை உருவி எறிந்துவிடுங்கள். இல்லையென்றால் அது நூல் மாதிரி கல்லின் தண்டில் சுற்றிக்கொள்ளும். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார் என்று பிள்ளைகளுக்குப் பாட்டா கதை சொல்வார். ராஜா சொன்ன கிழங்கு என்றதும் சின்னவன் இன்னும் ஒரு அடை கேட்பான்.

ஆப்ப மாவும் அருமையாக வரும். பச்சரிசியோடு ஒரு கை சோறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து நைசாக அரைக்க வேண்டும், அந்த நைஸ் மிக்சியில் எனக்கு வந்ததில்லை.

கூடவே தேங்காய் துருவும் இணைப்பும் சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். துருவும் இணைப்பில் தேங்காய் மூடியை ஓடுகிற பல்லின்மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சிரட்டையின் தவிட்டு நிறமும் சேர்ந்து வந்துவிடும். உட்கார்ந்து கையால் துருவுவதே எனக்குச் சௌகரியம். பக்கத்தில் உட்கார்ந்து துருவலை அள்ளித் தின்னப் பேரப்பிள்ளைகள் இருக்கும்போது ஒரு தேங்காய் கூடுதலாக உடைப்பேன், அவ்வளவுதான். பிசையும் இணைப்பு பரணில் இருக்கிறது.

இனி டில்டிங் பற்றி. சாதாரண டேபிள் டாப்பில் மாவை எடுக்க டிரம்மைத் தூக்கவேண்டும். அடியில் கருங்கல், உள்ளே கற்கள், மேலே மாவு. அந்தப் பாரம் என் மணிக்கட்டுக்கு ஆகாது. இதில் பக்கத்தில் இருக்கிற பூட்டை விடுவித்துச் சாய்த்தால் மாவு பாத்திரத்தில் விழுந்துவிடும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் டில்டிங்கைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். கழுவுவதும் அப்படியே. கற்களை எடுத்துத் தனியாகக் கழுவி, டிரம்மில் தண்ணீர் விட்டுச் சுற்றவைத்துச் சாய்த்துவிடலாம். அந்த மாவுத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடியின் அடிக்குப் போகும். குறை என்றால், இது இடத்தை அடைக்கும், வைத்த இடத்திலிருந்து நகர்த்துவது சிரமம். மேடையில் நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். தினமும் எடுத்து உள்ளே வைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

ரிப்பேர் ஒன்று வந்தது. அரிசி போட்டதும் டிரம் நின்று நின்று சுற்றியது, மோட்டார் மட்டும் உறுமியது. நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். அவருக்கு மனசு ஒப்பவில்லை, திருப்பி எடுத்துவந்துவிட்டார். எங்கள் ஊர் மெக்கானிக் அடிமூடியைத் திறந்து பார்த்து, "பெல்ட் தளந்து போச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். புது பெல்ட் போட்டதும் பழையபடி ஓடியது. வெறும் டிரம் நன்றாகச் சுற்றி, அரிசி போட்டதும் திணறினால் முதலில் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி அடித்தபோது வாழையும் ரப்பரும் சாய்ந்தன, கரண்ட் கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் பக்கம் மின்சாரம் திரும்பி வர நாளானது. ஊறப்போட்ட அரிசியைப் பக்கத்து வீட்டு ஆட்டுரலில்தான் ஆட்டினோம். அந்தத் தெருவில் உரலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது அந்த ஒரு வீடுதான். 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகு பல வீடுகளில் உரல் வாசலுக்குப் போய்விட்டது. அதன் குழியில் செடிகூட வைத்திருக்கிறார்கள். கிரைண்டர் வாங்குங்கள், ஆனால் அம்மியையும் உரலையும் கொடுத்துவிடாதீர்கள்.

மாவு புளிப்பதைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. மே மாதத்தில் இரவு அரைத்து வைத்தால் விடிவதற்குள் மாவு பாத்திரத்தின் வாயைத் தொடும். பெரிய பாத்திரம் வையுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆடியில் காற்றும் சாரலுமாக இருக்கும்போது அதே மாவு காலை பத்து மணிவரை அசையாது. அப்போது மாவைச் சாயங்காலமே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி, அடுப்பு இருந்த சூட்டுப் பக்கம் வைப்பேன்.

மகள் இப்போது சென்னை ஃபிளாட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்கிறாள். அவர்கள் நாலு பேருக்கு ஒன்றரை லிட்டர் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கடையில் டிரம்மைச் சாய்த்து, பூட்டு கெட்டியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கற்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், கீறலோ ஓரத்தில் உடைசலோ இருந்தால் வேண்டாம் என்றுவிட வேண்டும். பெல்ட் அங்கேயே கிடைக்குமா என்று கேட்டு, உபரியாக ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு கை பழைய அரிசியைப் போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்ட வேண்டும், கல் மாவு போகும்வரை. அதன் பிறகு உளுந்து போடலாம்.