பூட் மெனுவின் பட்டியலை எழுதுவது யார்?

எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள். கணினி எழும்போது எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்தான் பூட் மெனு. அதைக் காட்டும் கிரப் என்ற நிரலின் மெனுவை, லினக்ஸின் மைய நிரலான கர்னலின் பதிப்புகள் துணைப்பட்டியலுக்குள் ஒளியாமல் வரிசையாகத் தெரியும்படி அமைத்திருந்தேன். ஐந்தாவது வரியில் விண்டோஸ் இருந்தது. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் விண்டோஸே தொடங்கட்டும் என்று அந்த ஐந்தாம் இடத்தை இயல்புத் தேர்வாக எண்ணால் குறித்து வைத்தேன். சில வாரங்களில் லினக்ஸ் புதிய கர்னல் ஒன்றை நிறுவிக்கொண்டது. பட்டியல் கீழே நகர்ந்தது; ஐந்தாம் இடத்துக்குப் பழைய கர்னல் ஒன்றின் மீட்பு முறை வந்து சேர்ந்தது. மறுநாள் கணினியைத் திறந்த என் அக்கா கண்டது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும்தான். அவருக்கு அன்று ஒரு விண்ணப்பம் அனுப்பியாக வேண்டியிருந்தது.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரால் குறித்திருந்தால் அப்படி நடந்திருக்காது. அன்றிலிருந்து எந்தப் பூட் மெனுவைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பட்டியலை எழுதுவது யார், எப்போது எழுதுகிறார்? அழகு, வேகம், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு. கையில் இருக்கும் வாய்ப்புகளை இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

கணினியை எழுப்புவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல். அதன் பழைய வகையான பயாஸ் முறையில், முதலில் படிக்கப்படும் இடம் வட்டின் முதல் செக்டர் என்ற சிறு பகுதி. அதன் அளவு 512 பைட்; தொடக்க நிரலுக்கு 446, வட்டுப் பிரிவு அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. ஒரே ஒரு நாற்காலி, கடைசியாக வந்தவர் அதில் உட்காருவார். "விண்டோஸை முதலில் நிறுவு, லினக்ஸைப் பிறகு நிறுவு" என்ற அறிவுரை அங்கிருந்து வந்ததுதான். பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஃபேட்32 வடிவில் ஒரு சிறிய தொடக்கப் பிரிவு. அதில் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிக் கோப்புறை. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. ஒருவர் வீட்டை மற்றவர் இடிக்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை.

இது தெரியாததால் பலர் வீணாகப் பதறுகிறார்கள். பெரிய விண்டோஸ் மேம்படுத்தல் ஒன்று முடிந்ததும் கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விட்டால், "கிரப் அழிந்துவிட்டது" என்று லினக்ஸையே மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும். மறு நிறுவலுக்குக் கை வைக்கும் முன் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இயங்குதளங்களும் ஒரே முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ முறையில் எழும் மெனு, பயாஸ் முறையில் நிறுவிய விண்டோஸைத் தொடங்கித் தராது. இந்த ஒரு பொருத்தமின்மையால் மெனுவைக் குறை சொல்லிக்கொண்டு நாள்கணக்கில் மெனக்கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரப்

1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், இன்று உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களோடு தானாகவே வந்து இறங்குகிறது. நாம் பயன்படுத்துவது அதன் இரண்டாம் தலைமுறை, 2.00 பதிப்பு 2012இல் வெளியானது. பழைய பயாஸ் கணினியா, புதிய யூஇஎஃப்ஐ கணினியா, கோப்பு முறைமை எது என்றெல்லாம் பார்க்காமல் ஏறக்குறைய எதையும் படித்துவிடும் திறமை அதற்கு உண்டு. பழைய வன்பொருள் வைத்திருப்பவருக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் அதன் பட்டியல் முன்கூட்டியே எழுதப்படுவது. லினக்ஸுக்குள் ஒரு கட்டளை ஓடி, இருக்கும் கர்னல்களையும் மற்ற இயங்குதளங்களையும் தேடி, ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. மறுமுறை அந்தக் கட்டளை ஓடும் வரை அந்தக் கோப்பில் உள்ளதுதான் மெனு. லினக்ஸ் எழுதுகிறது, லினக்ஸ் திருத்துகிறது; விண்டோஸுக்கு அதில் பங்கில்லை.

விண்டோஸைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் செய்வது ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரல். 2021இல் வந்த கிரப் 2.06 பாதுகாப்புக் காரணத்துக்காக அதை இயல்பாகவே நிறுத்திவிட்டது. புதிதாக நிறுவியவர்களின் மெனுவில் விண்டோஸ் தெரியாமல் போவதற்கு இது அடிக்கடி நேரும் காரணம். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்த நிரலை முடக்கும் வரியை 'பொய்' என்று மாற்றி, மெனுவை மறுபடி எழுதச் சொன்னால் விண்டோஸ் வந்துவிடும். அதே கோப்பில், இயல்புத் தேர்வை 'கடைசியாகத் தேர்ந்தது எதுவோ அது' என்றும் வைக்கலாம். இரண்டு இயங்குதளங்களுக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிட இதமான அமைப்பு இல்லை. விண்டோஸ் மேம்படுத்தலின்போது கணினி மூன்று முறை மறுதொடக்கம் ஆனாலும், ஒவ்வொரு முறையும் விண்டோஸுக்கே திரும்பிப் போகும்.

கிரப்பின் உண்மையான பலவீனம் லினக்ஸை நீக்கும் நாளில் தெரியும். பல விநியோகங்களில் தொடக்கப் பிரிவில் இருப்பது சிறு பகுதிதான். மெனுவும் மற்றவையும் லினக்ஸ் பிரிவில் இருக்கின்றன. விண்டோஸுக்குள் இருந்துகொண்டு லினக்ஸ் பிரிவை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால், கிரப் எழுந்து தன் கோப்புகளைத் தேடி, கிடைக்காமல், வெறும் கட்டளை வரியோடு நின்றுவிடும். லினக்ஸை நீக்குவதென்றால் முதலில் தொடக்க வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றுங்கள், அழிப்பதெல்லாம் பிறகு.

விண்டோஸின் சொந்த மெனு

விண்டோஸ் 10, 11 என இரண்டு விண்டோஸ்களை ஒரே கணினியில் வைத்திருப்பவருக்கு இது நன்றாகவே போதும். விஸ்டா காலத்திலிருந்து இதன் பட்டியல் ஒரு தரவுக் கோப்பில் இருக்கிறது, விண்டோஸ்தான் எழுதும். விண்டோஸ் 8 முதல் வந்த நீல நிற வரைகலை மெனு, தான் தோன்றுவதற்கு முன்பே விண்டோஸின் ஒரு பகுதியை ஏற்றிவிடுகிறது. இன்னொன்றைத் தேர்ந்தால் கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பழைய எழுத்து மெனுவுக்குத் திரும்பும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இட்டால் காத்திருப்பு குறையும். யூஇஎஃப்ஐ முறையில் இந்த மெனுவிலிருந்து லினக்ஸைத் தொடங்க முடியாது. ஆகவே இரண்டில் ஒன்று லினக்ஸ் என்றால் இதைப் பற்றி மேலே யோசிக்க வேண்டியதில்லை.

சிஸ்டம்டி-பூட்

கம்மிபூட் என்ற பெயரில் பிறந்து 2015இல், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு இணைந்தது. யூஇஎஃப்ஐயில் மட்டுமே இயங்கும். ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு சிறிய உரைக் கோப்பு. தொடங்கும் நேரத்தில் அந்தக் கோப்புகளைப் படித்து வரிசையாகக் காட்டுகிறது. அதே தொடக்கப் பிரிவில் விண்டோஸ் இருந்தால், யாரும் எழுதி வைக்காமலே சேர்த்துக்கொள்கிறது. கோப்பைத் திறந்தால் நமக்கே புரியும் நான்கைந்து வரிகள் இருக்கும். கிரப்பின் நீண்ட அமைப்புக் கோப்பில் தொலைந்துபோன அனுபவம் உள்ளவர்கள் இந்த எளிமையின் அருமையை உணர்வார்கள். மெனு திரையிலேயே ஒரு விசையை அழுத்தி இயல்புத் தேர்வை மாற்றிவிடலாம்.

இதன் சிக்கல் இடம். இது தன் சொந்த வலுவில் லினக்ஸின் கோப்பு முறைமைகளைப் படிப்பதில்லை. கர்னல்கள் தொடக்கப் பிரிவிலோ, அதே வட்டில் அதற்கென ஒதுக்கிய இன்னொரு பிரிவிலோ இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவி இயல்பாக ஒதுக்கும் தொடக்கப் பிரிவோ பெரும்பாலும் 100 எம்பிதான். கர்னலும் அதன் தொடக்க நினைவகக் கோப்பும் சேர்ந்தால் ஓரிரண்டிலேயே அது நிரம்பிவிடும். அடுத்த கர்னல் புதுப்பிப்பு பாதியில் நிற்கும். வெறும் வட்டிலிருந்து தொடங்குகிறவர் தொடக்கப் பிரிவை 1 ஜிபி அளவில் முதலிலேயே உருவாக்கிவிட்டால் இந்தத் தொல்லை வராது. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அந்தப் பிரிவைப் பெரிதாக்குவது எளிதன்று. விண்டோஸ் வேறொரு வட்டில், தனித் தொடக்கப் பிரிவோடு இருந்தால் சிஸ்டம்டி-பூட் அதைத் தானாகக் காட்டவும் செய்யாது.

ரீஃபைண்ட்

என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். இன்டெல் மேக் கணினிகளுக்காக எழுதப்பட்ட ரீஃபிட் என்ற மெனுவிலிருந்து கிளைபிரித்து, ராடரிக் ஸ்மித் 2012இல் வெளியிட்டார். இதற்குப் பட்டியலை யாரும் எழுதித் தருவதில்லை. கணினி எழும் ஒவ்வொரு முறையும் இணைந்திருக்கும் வட்டுகளை எல்லாம் தானே துழாவி, தொடங்கக்கூடியவை எவையென்று கண்டு, படங்களாக அடுக்குகிறது. நேற்று நிறுவிய கர்னல் இன்று தெரியும். அழித்த இயங்குதளம் தானாக மறையும். யுஎஸ்பி குச்சியை இப்போதுதான் செருகினீர்களா? எஸ்கேப் விசையை அழுத்தினால் மறுபடி தேடும்.

எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற லினக்ஸ் கோப்பு முறைமைகளைப் படிக்கும் இயக்கிகள் அதனோடு வருவதால், கர்னல் லினக்ஸ் பிரிவிலேயே இருந்தாலும் கண்டுபிடிக்கிறது. 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலை ஃபர்ம்வேரே நேரடியாகத் தொடங்க முடிகிறது. ரீஃபைண்ட் கிரப்பின் துணையில்லாமலே லினக்ஸை எழுப்புவது அதனால்தான். கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வைத்திருப்பதும் அதன் இயல்பான பழக்கம். இரண்டு இயங்குதளங்களில் எதற்கும் கட்டுப்படாமல் நடுவில் நிற்கிறதே, அந்தக் குணத்துக்காகவே இதை நான் மதிக்கிறேன்.

தேடுவதெல்லாம் கிடைப்பதில் ஒரு தொந்தரவும் உண்டு. முதல் முறை பார்க்கும்போது ஒரே லினக்ஸுக்குக் கிரப் ஒரு படம், கர்னல் ஒரு படம், மாற்று வழிக் கோப்பு ஒரு படம் என்று திரை நிறைந்து, புதியவர் திகைத்துவிடுவார். வேண்டாத படத்தின் மேல் நின்று அழித்தல் விசையை அழுத்தினால் அது மறைந்துவிடும்; கோப்பு எதுவும் அழியாது. பத்து நிமிடம் செலவிட்டு இரண்டே இரண்டு படங்கள் மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். அதன்பின் வீட்டில் யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கர்னல் இருக்கும் பிரிவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் ரீஃபைண்டால் உள்ளே பார்க்க முடியாது.

மெனுவே வேண்டாம் என்றால்

கணினி எழும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்புக்கு ஏற்ப ஒரு விசையை அழுத்தினால் ஃபர்ம்வேரின் சொந்தப் பட்டியல் வரும். பலர் இதை ஒரு வாய்ப்பாகவே கருதுவதில்லை. இரண்டு வட்டுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம் தன் சொந்தத் தொடக்கப் பிரிவோடு இருந்தால், இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது. ஒரு வட்டைக் கழற்றினாலும் மற்றது தன்பாட்டுக்கு எழும்.

யூஇஎஃப்ஐயில் 'அடுத்த ஒரு முறைக்கு மட்டும்' என்று குறிக்கும் வசதியும் இருக்கிறது. பல கணினிகளில், விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம் கொடுத்தால், சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் லினக்ஸின் பெயரும் இருக்கும். லினக்ஸிலிருந்தும் ஒரே கட்டளையில் அடுத்த தொடக்கம் விண்டோஸுக்கு என்று குறித்துவிடலாம். புளூடூத் விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம்; மெனு தோன்றும் நேரத்தில் அந்த விசைப்பலகை பெரும்பாலும் உயிர்பெற்றிருக்காது.

பூட்டுகளைப் பற்றி

எதைத் தேர்ந்தாலும், நம்பகமான கையொப்பம் இல்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட், விண்டோஸ் வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். செக்யூர் பூட்டை அணைக்காமல் வைத்திருக்க விரும்பினால் கிரப்புக்கே முதலிடம். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்றவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலோடு அதை அனுப்புகின்றன. நாம் எதுவும் செய்ய வேண்டாம். சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட் இரண்டுக்கும் பெரும்பாலும் நாமே சாவி பதிய வேண்டியிருக்கும். அந்தக் கையொப்ப ஏற்பாடும் முற்றிலும் நிம்மதியானதன்று. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று பழைய தொடக்க நிரல்களைத் தடைசெய்தபோது, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. அதனால் லினக்ஸ் பக்கத்தில் ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பித்தே வைத்திருங்கள். மாதக்கணக்கில் லினக்ஸைத் திறக்காமல் விடுவதுதான் ஆபத்து.

பிட்லாக்கர் வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். கணினி எழும் வழியில் எந்தெந்த நிரல்கள் வந்தன என்பதை அளந்து, அது மாறியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கிரப் அல்லது ரீஃபைண்ட் வழியாக விண்டோஸுக்குள் போவதும் ஒரு மாற்றம்தான். சாவியை முதலிலேயே தாளில் எழுதி வைத்துவிட்டு மெனுவில் கை வையுங்கள். பிட்லாக்கரை நிறுத்த விரும்பாதவருக்கு ஃபர்ம்வேர் வழியே போவதே நல்லது. அப்போது விண்டோஸ் தனக்குப் பழகிய பாதையிலேயே எழுகிறது. இதோடு விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், அணைத்த விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும்; லினக்ஸிலிருந்து அந்தப் பிரிவில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும்.

ஒரே வட்டு, செக்யூர் பூட் இயங்குகிறது, லினக்ஸை இப்போதுதான் பழகுகிறார் என்றால், விநியோகம் தந்த கிரப்பை அப்படியே வைத்து, கடைசித் தேர்வை நினைவில் கொள்ளும்படி மட்டும் மாற்றச் சொல்வேன். புதிய விநியோகங்களை அடிக்கடி நிறுவிப் பார்க்கிறவருக்கு ரீஃபைண்ட். ஒரே லினக்ஸ், ஒரே விண்டோஸ், பெரிய தொடக்கப் பிரிவு என்று ஆரம்பத்திலேயே திட்டமிட்டவருக்கு சிஸ்டம்டி-பூட்.

எங்கள் வீட்டுக் கணினியில் இப்போது இரண்டு வட்டுகள். அக்கா திறந்தால் மெனு எதுவும் வராமல் விண்டோஸ் எழுகிறது. எனக்கு லினக்ஸ் வேண்டும்போது எஃப்12ஐ அழுத்துகிறேன். அந்த வட்டில் கிரப் இன்னமும் இருக்கிறது, என் கர்னல்களை மட்டும் காட்டிக்கொண்டு.